மது சார்ந்த படிப்புக்கு இங்கிலாந்தில் பணம்: வேலையில் இருப்பவருக்கும் மாணவருக்கும்

கேள்வி இது: இங்கிலாந்தில் ஒரு மது சிகிச்சைச் சேவையில் கீ வொர்க்கராக (பயனாளிகளை நேரடியாகக் கவனிக்கும் ஊழியராக) இருப்பவர், வேலையை விடாமல் அடிக்‌ஷன் ஸ்டடீஸ் (மது, போதை அடிமைத்தனம் பற்றிய படிப்பு) முதுகலை படிக்க விரும்புகிறார், முடிந்தால் பிறகு முனைவர் பட்டமும். அவருடைய தங்கை ஊரிலிருந்து இதே படிப்புக்கு வர நினைக்கிறார். "மது ஆய்வுக்கென்றே மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் பணம் தரும் நிதி ஒன்று இருந்ததாமே, அதற்கு எப்படி விண்ணப்பிப்பது?"

இருந்தது உண்மைதான். அதன் பிறப்பே விசித்திரமானது. 1904ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி, அளவுக்கு மிஞ்சி இருந்த பப்புகளின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் மூடியபோது, அவற்றின் உரிமையாளர்களுக்கு ஈடு கொடுக்க மற்ற உரிமக்காரர்களிடம் ஒரு வரி வசூலித்தார்கள். காலம் போகப்போக அந்த ஈட்டுநிதிக்கு வேலையில்லாமல் போயிற்று. 1981இல் தனிச்சட்டம் போட்டு, மிச்சமிருந்த பணத்தை மது பற்றிய கல்விக்கும் ஆய்வுக்கும் திருப்பிவிட்டார்கள். அப்படி வந்ததுதான் ஆல்கஹால் எஜுகேஷன் அண்ட் ரிசர்ச் கவுன்சில். பின்னாளில் அது ஆல்கஹால் ரிசர்ச் யூகே ஆனது. 2017இல் ஆல்கஹால் கன்சர்ன் அமைப்போடு இணைந்தது. 2018 முதல் இரண்டும் சேர்ந்து ஆல்கஹால் சேஞ்ச் யூகே. பழைய கவுன்சிலின் பெயரில் இணையத்தில் இன்னும் கிடக்கும் உதவித்தொகைப் பக்கங்களை நம்பி நாட்களை வீணாக்க வேண்டாம். புதிய அமைப்பின் தளத்தில் நடப்பு அழைப்பு ஏதாவது திறந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதேபோல, பழைய வழிகாட்டிகளில் வரும் புரொஃபஷனல் அண்ட் கரியர் டெவலப்மென்ட் லோன் என்ற படிப்புக் கடன் 2019 ஜனவரியோடு மூடப்பட்டுவிட்டது.

இன்றைய நிலையில், "மது" என்ற தலைப்பைப் பார்த்துப் பணம் தருபவர்கள் மிகச் சிலர். நீங்கள் யாரிடம் வேலை பார்க்கிறீர்கள், எந்தக் குடியிருப்பு நிலையில் இருக்கிறீர்கள், எந்தப் பட்டத்துக்குப் போகிறீர்கள் என்ற மூன்றைப் பார்த்துத்தான் பெரும்பாலான பணம் வருகிறது. ஆகவே "அடிக்‌ஷன் ஸ்காலர்ஷிப்" என்று தேடிக்கொண்டே இருப்பதைவிட, இந்த மூன்றுக்கும் பொருந்தும் பணத்தைத் துண்டுதுண்டாகச் சேர்ப்பதுதான் நடைமுறை.

வேலையில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது கட்டணம் அல்ல, நாள்

எல்லோரும் மேலாளரிடம் போய் "ஃபீஸ் கட்டுவீர்களா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுச் சம்பளம் 29,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். படிப்புக்காக ஐந்து நாள் வேலையை நான்கு நாளாகக் குறைத்தால் ஆண்டுக்கு 5,800 பவுண்டு குறையும். வருமான வரி 20 சதவீதம், நேஷனல் இன்ஷூரன்ஸ் 8 சதவீதம் கழித்துப் பார்த்தாலும் கைக்கு வருவதில் ஏறக்குறைய 4,180 பவுண்டு இழப்பு. இரண்டு ஆண்டுப் பகுதிநேரப் படிப்பில் அது 8,350 பவுண்டைத் தாண்டும்; பென்ஷனில் விழும் அடி தனி. பல படிப்புகளின் மொத்தக் கட்டணத்துக்கே இது நெருங்கிவிடுகிறது. கட்டணத்துக்குக் கடன் கிடைக்கும். இழந்த நாளுக்கு யாரும் தனியாகக் கடன் தரமாட்டார்கள். அதனால் சம்பளத்தோடு வாரம் ஒரு படிப்பு நாள், முடியாவிட்டால் அரை நாள் என்று கேளுங்கள். பயிற்சிக்கென்று தனிப் பணம் இல்லாத மேலாளர்கூட வேலை அட்டவணையை மாற்றித் தர முடியும்.

கேட்கும் காலமும் முக்கியம். பெரும்பாலான சேவைகளின் பட்ஜெட் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. செப்டம்பரில் படிப்பு ஆரம்பம் என்பதால் ஜூலையில் போய் நின்றால் பணம் ஏற்கெனவே பங்கு பிரிந்திருக்கும். முந்தைய நவம்பர், டிசம்பரிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் போதும்: எந்தப் படிப்பு, எந்தக் கிழமை வகுப்பு, அந்த நாளில் உங்கள் கேஸ்லோடை (உங்கள் பொறுப்பில் உள்ள பயனாளிகளை) யார் பார்ப்பது, படிப்பின் எந்தப் பாடம் சேவைக்கு நேரடியாக உதவும், ஆய்வேட்டுக்குச் சேவையின் எந்தப் பிரச்சினையை எடுப்பீர்கள். மேலாளருக்கு உண்மையில் கவலை தருவது கேஸ்லோடுதான். அந்த வரியை மழுப்பினால் மற்ற எல்லாம் வீண்.

250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் 26 வாரம் முடித்த ஊழியருக்குப் படிப்புக்கான நேரம் கேட்கும் சட்ட உரிமை உண்டு. ஆனால் அது கேட்கும் உரிமை மட்டுமே. அந்த நேரத்துக்குச் சம்பளம் தரவேண்டிய கட்டாயம் இல்லை; வேலைப் பாதிப்பைக் காட்டி மறுக்கவும் முடியும். நிறுவனம் கட்டணத்தைக் கட்ட ஒப்புக்கொண்டால், வேலை தொடர்பான பயிற்சியாக இருக்கும்வரை அந்தத் தொகைக்கு உங்களிடம் வருமான வரி பிடிக்கமாட்டார்கள். நீங்களே கட்டினால் பொதுவாக வரிச் சலுகை இல்லை. ஆகவே "நான் கட்டிவிடுகிறேன், பிறகு சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள்" என்று பேசுவது நஷ்டம். நிறுவனமே பல்கலைக்கழகத்துக்கு நேராகக் கட்டட்டும்.

கட்டணம் கட்டும் நிறுவனம் பெரும்பாலும் ஓர் ஒப்பந்தம் நீட்டும்: படிப்பு முடிந்து இத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று. கையெழுத்துப் போடுமுன் மூன்றைப் பார்க்கவும். திருப்பும் தொகை மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறதா, இல்லை கடைசி நாள்வரை முழுத்தொகையா? பணிநீக்கம், உடல்நலக் குறைவு போன்றவற்றுக்கு விலக்கு உண்டா? சேவை கைமாறினால் என்ன?

இந்த மூன்றாவதுதான் மது சேவைகளில் ஆட்களைக் கவிழ்க்கிறது. 2013 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் மது, போதைச் சிகிச்சைச் சேவைகளை அமர்த்துவது உள்ளாட்சி மன்றங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை டெண்டர் விடுகிறார்கள். ஒரு தொண்டு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு ஒப்பந்தம் போகிறது. ஊழியர்கள் டூபி (TUPE) விதிகளின் கீழ், அதாவது சேவை கைமாறும்போது ஊழியரைக் காக்கும் சட்ட விதிகளின் கீழ், புதிய நிறுவனத்துக்கு மாறுகிறார்கள். வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் உரிமைகள் கூடவே வரும். மேலாளர் வாய்மொழியாகச் சொன்ன படிப்பு நாள் வராது. முதலாண்டு முடிந்த கையோடு நிறுவனம் மாறி, இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு ஆள் இல்லாமல் நிற்பதைத் தவிர்க்க ஒரே வழி: படிப்பு நாள், ஆண்டுவாரிக் கட்டணம், முடியும் தேதி மூன்றையும் வேலை ஒப்பந்தத்தின் திருத்தமாக மனிதவளப் பிரிவின் கையொப்பத்தோடு வாங்கிவைப்பது. உங்கள் சேவையின் தற்போதைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது ஒளிக்க வேண்டிய ரகசியம் இல்லை.

முதுகலைக் கடன்

இங்கிலாந்தில் வசிப்பவருக்கு அரசின் முதுகலைக் கடன் உண்டு. 2025–26 கல்வியாண்டில் தொடங்கிய படிப்புகளுக்கு உச்சவரம்பு 12,858 பவுண்டு. உங்கள் வருமானம், குடும்ப வருமானம் எதையும் பார்ப்பதில்லை. படிப்பின் முதல் கல்வியாண்டின் முதல் நாளில் 60 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமை, செட்டில்டு நிலை (நிரந்தர வசிப்புரிமை) போன்ற தகுதியும் அதற்கு முன் மூன்று ஆண்டு வசிப்பும் வேண்டும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர் பொதுவாக இதற்குள் வரமாட்டார். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

மூன்று இடங்களில் கால் இடறும். ஒன்று: முழு முதுகலைப் பட்டத்துக்கு மட்டுமே கடன், அதாவது 180 கிரெடிட். அடிக்‌ஷன் துறையில் பலர் முதலில் சான்றிதழ் படிப்பிலோ டிப்ளமாவிலோ சேர்ந்துவிட்டு, பிறகு முதுகலையாக ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அப்படிச் சேர்ந்தால் தொடக்கத்தில் கடன் கிடைக்காது. பின்னால் ஏற்றிக்கொள்ளும்போதும் சிக்கல். முதுகலையாகவே பதிவுசெய்துகொண்டு, முடியாமல் போனால் டிப்ளமாவோடு வெளியேறும் வழி இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். இரண்டு: ஏற்கெனவே முதுகலைப் பட்டம் இருந்தால், எந்தப் பாடமானாலும், எந்த நாட்டில் வாங்கியதானாலும், கடன் இல்லை. ஊரில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு வந்தவர்கள் கடைசி நேரத்தில் அதிர்ச்சி அடைவது இங்கேதான். மூன்று: பகுதிநேரப் படிப்பு, அதன் முழுநேர வடிவத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளக்கூடாது. ஓராண்டுப் படிப்பை மூன்று ஆண்டுக்கு இழுத்துப் படிக்கும் திட்டம் போட்டால் கடன் போய்விடும்.

பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும், பல்கலைக்கழகத்துக்குப் போகாது. இரண்டாண்டுப் படிப்பென்றால் ஆண்டுக்கு 6,429 பவுண்டு, அதுவும் 33, 33, 34 சதவீதமாக மூன்று தவணையில். முதல் தவணை சுமார் 2,120 பவுண்டு. ஆண்டுக் கட்டணம் 4,500 என்று வைத்து, பல்கலைக்கழகம் பதிவின்போதே பாதியைக் கேட்டால் 130 பவுண்டு குறைகிறது. சின்னத் தொகைதான், ஆனால் கைக்காசு இல்லாமல் போய் நின்றால் பதிவே தடைபடும். கட்டணத்தைத் தவணையாகக் கட்டும் திட்டத்தைக் கேட்டு, அதன் தேதிகளைக் கடன் வரும் தேதிகளோடு ஒப்பிட்டு முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

திருப்பிக் கட்டுவது ஆண்டு வருமானம் 21,000 பவுண்டுக்கு மேல் போகும் பகுதியில் 6 சதவீதம். 29,000 சம்பளத்துக்கு ஆண்டுக்கு 480, மாதம் 40 பவுண்டு. இளங்கலைக் கடன் பாக்கி இருந்தால் அதன் 9 சதவீதம் தனியாக ஓடும். இரண்டு வரம்புக்கும் மேலே உள்ள வருமானத்தில் 15 சதவீதம் போகும் என்பதை மனதில் வைத்துச் செலவுக் கணக்குப் போடுங்கள். யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானத்தாருக்கான அரசு உதவித்தொகை) வாங்கும் குடும்பமாக இருந்தால், கடனின் ஒரு பகுதி மாணவர் வருமானமாகக் கணக்கில் எடுக்கப்படும். விண்ணப்பிக்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முனைவர் பட்டம்

இங்கே நிலைமை தலைகீழ். முதுகலைக்கு உதவித்தொகை அரிது, கடன் எளிது. முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகைதான் முதல் தேடலாக இருக்க வேண்டும். அரசின் முனைவர் கடன் 2025–26இல் தொடங்கியவர்களுக்கு மொத்தம் 30,301 பவுண்டு. அதைப் பல ஆண்டுக்குப் பிரித்தால் கட்டணம் போக வாழ்க்கைச் செலவுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அரசின் ஆராய்ச்சிக் குழுமங்களின் பணம் அவற்றின் தாய் அமைப்பான யூ.கே.ஆர்.ஐ. வழியாக வருகிறது. 2025–26இல் அதன் குறைந்தபட்ச ஸ்டைபென்ட் (வாழ்க்கைச் செலவுத் தொகை) ஆண்டுக்கு 20,780 பவுண்டு, கட்டணம் தனி. முழுநேர மாணவருக்கு இதில் வருமான வரி இல்லை, கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி) விலக்கும் உண்டு. பகுதிநேரமாகவும் எடுக்கலாம், அப்போது தொகை அந்த விகிதத்தில் குறையும், வரிச் சலுகைகள் தானாகக் கிடைக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. மதுக்கொள்கை, விலை, விளம்பரம் போன்ற சமூக அறிவியல் தலைப்புகளுக்கு ஈ.எஸ்.ஆர்.சி. (சமூக அறிவியல் குழுமம்) பயிற்சிக் கூட்டமைப்புகள், உடல், மூளை, மருந்து பக்கம் என்றால் எம்.ஆர்.சி. (மருத்துவக் குழுமம்). 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் மொத்த இடங்களில் அவர்களுக்கு 30 சதவீதம் வரைதான்.

வேலையில் இருப்பவருக்கு, சுகாதார ஆய்வுக்குப் பணம் தரும் அரசு அமைப்பான என்.ஐ.எச்.ஆர். வழி இதைவிட நல்லது. அதன் முனைவர் ஃபெலோஷிப் ஸ்டைபென்ட் தருவதில்லை. உங்கள் சம்பளத்தையே தருகிறது, கட்டணமும் பயிற்சிச் செலவும் சேர்த்து. பென்ஷன் அறுபடாது. பகுதிநேரமாகவும் செய்யலாம். முனைவருக்கு முந்தைய நிலைக்கும், உள்ளாட்சிப் பொதுச் சுகாதாரப் பணியில் இருப்பவர்களுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. மது சேவை ஊழியர் பெரும்பாலும் என்.எச்.எஸ். (அரசுப் பொது மருத்துவச் சேவை) ஊழியர் அல்ல, உள்ளாட்சிப் பணத்தில் இயங்கும் தொண்டு நிறுவன ஊழியர். எந்தப் பிரிவில் நீங்கள் சேர்வீர்கள் என்று திட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள். தகுதி இல்லாத பிரிவில் ஆறு மாத உழைப்பைப் போடுவது மிகப் பெரிய விரயம். தேர்வில் ஆள், ஆய்வு, இடம் மூன்றையும் எடைபோடுகிறார்கள். மேற்பார்வையாளரை முதலில் பிடித்து, அழைப்பு மூடுவதற்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் முன்பே வேலையை ஆரம்பிக்காதவர் அரிதாகத்தான் தேறுகிறார்.

இந்தத் துறைக்கென்றே இருக்கும் பழைய அமைப்பு சொசைட்டி ஃபார் த ஸ்டடி ஆஃப் அடிக்‌ஷன், 1884இல் தொடங்கியது. 'அடிக்‌ஷன்' ஆய்விதழ் அதனுடையதுதான். முனைவர் மாணவர்களுக்கும் மாநாட்டுப் பயணங்களுக்கும் பணம் தந்து வந்திருக்கிறது. சிறிய தொகையானாலும் விடாதீர்கள்: ஒரு மாநாட்டுப் பயணத்தில் சந்திக்கும் மேற்பார்வையாளர் மூன்றாண்டு உதவித்தொகைக்கு வழி திறக்கக்கூடும். இன்னொரு பக்கவழி, பல்கலைக்கழகத்தின் மது ஆய்வுக் குழுவிலேயே ஆய்வு உதவியாளராகச் சேர்வது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் ஊழியருக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன, சில அடியோடு தள்ளுபடி செய்கின்றன.

விண்ணப்பம் எங்கே விழுகிறது

பத்து வரிக்குள் மதிப்பீட்டாளர் கண்டுபிடித்துவிடும் தவறுகள் சில உண்டு. மதுவால் மட்டுமே நேர்ந்த மரணமும் மதுவும் ஒரு காரணமான மரணமும் வேறு வேறு கணக்குகள். 2023இல் ஐக்கிய இராச்சியத்தில் பதிவான 10,473 என்பது முதல் வகை. இரண்டாம் வகைக்கான இடத்தில் அதைப் போட்டால் துறை தெரியாதவர் என்று முத்திரை விழும். அளவும் அப்படியே: பிரிட்டனில் ஒரு யூனிட் 8 கிராம் தூய ஆல்கஹால், அமெரிக்காவின் ஒரு டிரிங்க் 14 கிராம். அமெரிக்க ஆய்வின் வரம்பை மாற்றாமல் எடுத்துப் போட்டால் கணக்கு முழுவதும் கோணும். குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் (AUDIT) வினாத்தாள் பத்துக் கேள்விகள் கொண்டது, உச்சம் 40. அதன் சுருக்கமான ஆடிட்-சி மூன்று கேள்விகள், உச்சம் 12. இரண்டின் வெட்டுப்புள்ளிகளையும் குழப்பிக்கொள்வது ஆச்சரியப்படும் அளவுக்கு அடிக்கடி நடக்கிறது.

செலவுப் பட்டியலில் எல்லோரும் குறைத்துப் போடுவது நேரத்தை. ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தில் வடிக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். இருபது பேட்டிக்கு 80 முதல் 120 மணி. அதைக் கணக்கில் போடாதவர் இரவுகளில்தான் அதைச் செய்து தீர்க்க வேண்டியிருக்கும். குடிப்பவர்களிடம் பேட்டி என்றால், வராமல்போகும் சந்திப்புகளும் சேர்த்து, தேவைப்படுவதைவிட அதிகமான நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். குடித்துவிட்டு வருபவரிடம் ஒப்புதல் வாங்கமுடியாது. அந்த நாளை ஒத்திப்போட்டு மறுபடி அழைக்கும் முறையை நெறிமுறைக் குழுவுக்கு எழுதும் பகுதியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என்.எச்.எஸ். நோயாளிகளைச் சேர்த்தால் என்.எச்.எஸ். ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதன் கடிகாரம் 60 நாள்; அவர்கள் கேள்வி கேட்டால் உங்கள் பதில் வரும்வரை அது நிற்கும். தேசியச் சிகிச்சைப் பதிவேடான என்.டி.டி.எம்.எஸ். தரவை நம்பியிருந்தால் அதைப் பெறும் மாதங்களையும் அட்டவணையில் சேருங்கள். ஓராண்டு முதுகலையில் இரண்டையும் சேர்த்துச் செய்வதாக எழுதுவது தற்கொலைக்குச் சமம். பதிப்பிக்கப்பட்ட தரவை வைத்துச் செய்யும் ஆய்வேடு அங்கே உத்தமம்.

உங்களோடு தினமும் பழகும் சேவைப் பயனாளிகளையே ஆய்வுக்கு எடுப்பதாக எழுதினால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "மறுத்தால் சிகிச்சை பாதிக்குமோ என்று அவர் பயப்படமாட்டாரா?" உங்கள் கேஸ்லோடில் இல்லாதவர்களைச் சேர்ப்பது, அழைப்பை வேறொருவர் மூலம் விடுப்பது என்று விடை எழுதியிருக்க வேண்டும்.

யார் பணம் என்பது

மது நிறுவனங்களின் பணமும் இந்தத் துறையில் புழங்குகிறது, சில சமயம் நேராக, சில சமயம் தொண்டு அமைப்புகள் வழியாக. குடி பற்றி மக்களுக்கு அறிவுரை தரும் டிரிங்க்அவேர் தொண்டு அமைப்பு பெரும்பாலும் மது உற்பத்தியாளர், விற்பனையாளர் நன்கொடையில் இயங்குவது. இதை யாரும் மறைப்பதில்லை. ஆனால் படிக்க வருபவருக்குத் தெரிவதும் இல்லை. அமெரிக்காவில் மிதமான குடி இதயத்துக்கு நல்லதா என்று பார்க்கத் தொடங்கிய 10 கோடி டாலர் ஆய்வை, அதற்குப் பணம் தர மதுத் தொழில் இழுக்கப்பட்ட விதம் தெரியவந்ததும், அந்நாட்டு அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். 2018 ஜூனில் நிறுத்தியது. அத்தனை பெரிய ஆய்வுக்கே அந்தக் கதி. பட்டத்துக்கு உதவிய தொகையையும் ஆய்விதழ்கள் அறிவிக்கச் சொல்லும். சில நிதி அமைப்புகள் பிற்பாடு உங்களை ஏற்கத் தயங்கும். சிறு தொகையாக இருந்தாலும் "இந்தப் பணத்தின் மூலம் எது? ஆய்வுக் கேள்வியிலும் வெளியீட்டிலும் தருபவருக்குக் குரல் உண்டா?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

தங்கைக்கு

பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலையின் செலவை முழுமையாக ஏற்கும். இரண்டு ஆண்டு வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம் வேண்டும். முடிந்ததும் இரண்டு ஆண்டு ஊரில் இருக்க வேண்டும். அழைப்பு ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடும், அதாவது படிப்பு தொடங்க ஏறக்குறைய ஓராண்டு முன்பே. மது சிகிச்சை மையத்தில் செய்த தன்னார்வப் பணிநேரமும் கணக்கில் வரும். சான்றை இப்போதே வாங்கிவைக்கட்டும். காமன்வெல்த் ஸ்காலர்ஷிப்பில் முழுநேர முதுகலை, முனைவர் தவிர, ஊரிலிருந்தபடியே தொலைநிலையில் படிக்கும் பிரிவும் உண்டு. இந்தத் தொலைநிலைப் பிரிவுக்கு இந்தியர், இலங்கையர் இருவரும் விண்ணப்பிக்கலாம். இங்கே வரத்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால், ஊரில் வேலையையும் விடாமல் படிக்க அது மிகப் பொருத்தம்.

சொந்தப் பணத்தில் வருவதாக இருந்தால் மாணவர் விசாவில் கல்விக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. அந்தச் சம்பளத்தில் கட்டணம் கட்டிவிடலாம் என்ற கணக்கு நடக்காது. 2024 ஜனவரி முதல் பாடவகுப்பு முதுகலைக்கு வருபவர் கணவரையோ பிள்ளைகளையோ கூட்டிவர முடியாது. காட்ட வேண்டிய வங்கி இருப்பு 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் அந்தத் தொகைக்குக் கீழே இறங்கினாலும் 28 நாளை முதலிலிருந்து எண்ண வேண்டும். ஆகவே பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டுவதாக இருந்தால் அந்த 28 நாள் தொடங்குமுன் கட்டி, ரசீதைச் சேர்க்கைச் சான்றில் ஏற்றச் சொல்லட்டும். அந்தத் தொகை காட்ட வேண்டிய இருப்பிலிருந்து கழிந்துவிடும்.